முகத்தைத் தொடுவதற்கு முன்: ஃபேஷியல் கற்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஃபேஷியல் கற்றுக்கொள்வது பற்றி வாசகியர் அனுப்பிய கடிதங்களுக்கு, பியூட்டீஷியன் பயிற்சி அளித்துவரும் எங்கள் பகுதி ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால், வீட்டு முன்னறையிலேயே சிறிய பார்லர் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரே வாரத்தில் ஃபேஷியல் கற்றுத் தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். அது போதுமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒரு வாரத்தில் கை அசைவுகளின் வரிசையை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் வருகிற முகத்துக்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று முடிவெடுக்கும் பழக்கம் அதற்குள் வராது. அந்தப் பழக்கம் இல்லாமல் தொழில் தொடங்குகிறவர்கள்தாம் எல்லோருக்கும் ஒரே கிட்டைப் பிரித்து ஒரே விதமாகத் தேய்த்து அனுப்புகிறார்கள்.

உங்கள் தகுதிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பார்லர் நடத்துவதற்கான ஏறத்தாழ ஒரு மாதப் பயிற்சி உண்டு. கட்டணம் கிடையாது, சாப்பாடும் அங்கேயே. தொழில் தொடங்க வங்கிக் கடன் கேட்கும்போது இந்தச் சான்றிதழ் கைகொடுக்கும். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். ஒரு ஃபேஷியல் பெட், ஸ்டீமர், கண்ணாடி, அலமாரி ஆகியவற்றுக்கு அது பெரும்பாலும் போதும். நேரம் ஒதுக்க முடியும் என்றால், தொழிற்பயிற்சி நிலையங்கள் சிலவற்றில் உள்ள காஸ்மெட்டாலஜி என்ற ஓராண்டுப் படிப்பையே நான் முதலில் சொல்வேன். மூன்றாவது, தனியார் மையங்கள். அவற்றில் சில, அழகு மற்றும் நலத்துறைத் திறன் கவுன்சிலின் தேர்வுக்கு அனுப்பி, அசிஸ்டென்ட் பியூட்டி தெரபிஸ்ட் என்ற நிலையிலிருந்து சான்றிதழ் பெற்றுத் தருகின்றன. வெளிநாட்டு வேலை, சொகுசுக் கப்பல், நட்சத்திர ஓட்டல் ஸ்பா என்று கனவு இருப்பவர்களுக்கு, 1946இல் தொடங்கப்பட்ட சிடெஸ்கோ என்ற பன்னாட்டு அழகுக்கலை அமைப்பின் டிப்ளமோ பயன்படும். முன்னறைப் பார்லருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எந்த மையமானாலும் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: பயிற்சி முடிவதற்குள் எத்தனை வெவ்வேறு முகங்களில் என் கையால் செய்ய விடுவீர்கள்? மாணவிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் மட்டுமே செய்து பழகும் இடங்களில், இருபது வயதுத் தோலைத் தவிர வேறெதையும் பார்க்காமலேயே படிப்பு முடிந்துவிடும். ஐம்பது வயதுத் தோல், பரு நிறைந்த தோல், வெயிலில் வேலை செய்பவரின் தோல் ஆகியவை உங்கள் கைக்கு வர வேண்டும்.

கேள்வி: ஃபேஷியலின் படிநிலைகளை ஒவ்வொரு பார்லரிலும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறார்கள். சரியான வரிசை எது, ஏன்? – வாசகி, மன்னார்குடி

பதில்: பெயர்கள் மாறினாலும் அடிப்படை வரிசை ஒன்றுதான். முதலில் பேச்சு, பிறகு சுத்தம் செய்தல், தோலைப் பார்த்தல், ஸ்க்ரப், ஆவி, தேவையிருந்தால் பிளாக்ஹெட் எடுத்தல், மசாஜ், பேக், டோனர், மாய்ஸ்சரைசர், பகலானால் சன்ஸ்கிரீன். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் பிடிக்கும்.

நம் பார்லர்களில் பெரும்பாலும் விட்டுப்போவது முதல் படியான பேச்சு. வாடிக்கையாளரைப் படுக்க வைக்கும் முன், உட்கார்ந்த நிலையிலேயே ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், முகத்தில் என்ன க்ரீம் போடுகிறீர்கள், முன்பு எதற்காவது அலர்ஜி வந்ததுண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, ஆஸ்துமா உண்டா, அண்மையில் லேசர் அல்லது பீல் (அமிலம் பூசித் தோலை உரிப்பது) செய்தீர்களா என்ற கேள்விகளுக்கான பதில்களை ஓர் அட்டையில் எழுதி, தேதியிட்டு, அன்றைக்கு என்னென்ன பயன்படுத்தினீர்கள் என்பதையும் அதிலேயே குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அவர் வந்து, “போன தடவை போட்டது எரிந்தது” என்று சொன்னால், எது என்று தேட உங்களிடம் அந்த அட்டையைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

புதியவர் என்றால், பயன்படுத்தப்போகும் பொருளைக் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ சிறிது தடவி, 24 மணி நேரமாவது பார்ப்பது நல்லது. “அதற்கெல்லாம் யார் இரண்டு தடவை வருவார்கள்?” என்று மாணவிகள் கேட்பதுண்டு. த்ரெடிங்குக்கு வரும்போதே தடவி அனுப்புங்கள். அடுத்த முறை ஃபேஷியலுக்கு வரும்போது பதில் தயாராக இருக்கும்.

சுத்தம் செய்வதில், கண் மையும் உதட்டுச் சாயமும் முதலில் போக வேண்டும், பிறகே மற்ற இடங்கள். கிளென்சிங் மில்க்கை உள்ளங்கையில் தேய்த்து லேசாகச் சூடாக்கி, கழுத்திலிருந்து மேல்நோக்கிக் கொண்டு வாருங்கள். சோப்பு வேண்டாம். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத் தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஐந்தை ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்போ ஒன்பது, பத்து வரை போகக் கூடிய காரம். கழுவியதும் தோல் இழுத்துப் பிடிப்பது அதனால்தான்; அந்த இழுப்பைச் சுத்தத்தின் அடையாளமாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

துடைத்தபின் இரண்டு நிமிடம் ஒன்றும் பூசாமல் விட்டு, உருப்பெருக்கி விளக்கைக் கொண்டு பாருங்கள். நெற்றியும் மூக்கும் தாடையும் மினுங்கிக் கன்னம் மட்டும் வறண்டிருந்தால் அது கலப்புத் தோல். இரண்டு இடங்களுக்கும் ஒரே பேக் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூக்கிலும் நெற்றியிலும் களிமண் பேக், கன்னத்தில் கற்றாழை அல்லது க்ரீம் பேக் என்று பிரித்துப் போடும் பெண்ணைப் பார்த்தால், இவர் முறையாகப் படித்தவர் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஸ்க்ரப் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். விரல் நுனிகளின் எடை மட்டும் போதும். நம்முடைய நிறத் தோலில் சிறிய காயமும் கறுப்புத் தழும்பாக மாறக்கூடும். வெள்ளைத் தோலில் சிவந்து அடங்கிப்போவது, நம் தோலில் மாதக்கணக்கில் கறையாக நிற்கும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து அப்படியே செய்பவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும்.

களிமண் பேக் முழுவதும் காய்ந்து வெடிக்கும்வரை விடாதீர்கள். ஓரங்கள் நிறம் மாறி நடுவில் ஈரம் இருக்கும்போதே, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊற வைத்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆவி பிடித்தால் தோல் துளைகள் திறக்கும், பிறகு ஐஸ் வைத்து மூட வேண்டும் என்று எங்கள் மேடம் சொல்கிறார். சரிதானா? பிளாக்ஹெட் எடுக்கும்போது இரத்தம் வந்துவிடுகிறது. – மாணவி, ஈரோடு

பதில்: துளைகளைத் திறந்து மூடுவதற்கு அங்கே தசை எதுவும் இல்லை. ஆவியின் சூட்டில் உள்ளே இறுகியிருக்கும் எண்ணெய்ப் பசை இளகும், மேல் தோல் ஊறி மென்மையாகும். அதனால் எடுப்பது எளிது. குளிர்ச்சி, சிவப்பைத் தணிக்கும். உங்கள் மேடம் சொல்லும் செயல் சரி, விளக்கம்தான் சரியில்லை. பிளாக்ஹெட்டின் கறுப்பும் அழுக்கு அல்ல. காற்றுப் பட்டுக் கறுத்த பொருள். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

ஸ்டீமரை முகத்திலிருந்து 12 முதல் 15 அங்குலம் தள்ளி வைத்து, ஐந்து முதல் எட்டு நிமிடம் காட்டுங்கள். கண்களின் மேல் ஈரப் பஞ்சு இருக்கட்டும். ஸ்டீமரைத் திருப்பும் முன் ஆவி சீராக வருகிறதா என்று உங்கள் கையில் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அளவுக்கு மேல் நிரம்பியிருந்தால் கொதிநீர்த் துளிகள் தெறிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், கன்னத்தில் நூல் போன்ற சிவப்பு நரம்புகள் தெரிகிறவர்களுக்கும், மங்கு உள்ளவர்களுக்கும் ஆவி வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த டவலும் அவர்களுக்கு அதிகம்.

இரத்தம் வருகிறது என்றால், வராததை வரவழைக்கப் பார்க்கிறீர்கள் என்று பொருள். இரு ஆள்காட்டி விரல்களிலும் டிஷ்யூ சுற்றி, பிளாக்ஹெட்டின் இரு பக்கமும் வைத்து, முதலில் கீழ்நோக்கி அழுத்தி, பிறகே உள்நோக்கி நெருக்குங்கள். இரண்டு முறை அழுத்தியும் வரவில்லையானால் விட்டுவிட வேண்டும்; அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். சிவந்து வலிக்கும் பருவையும் சீழ்க்கட்டியையும் கிள்ளவே கூடாது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட பகுதியின் இரத்தக் குழாய்கள் மண்டைக்குள் இருக்கும் குழாய்களோடு தொடர்புடையவை என்பதால், அங்கே பிதுக்கி வரும் தொற்று அரிதாகவேனும் பெரிய ஆபத்தாகலாம். ஒரு மூக்கின் மேல் பத்து நிமிடத்துக்கு மேல் வேலை செய்யாதீர்கள். முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்று வாடிக்கையாளரே கேட்டாலும் இணங்காதீர்கள்.

கேள்வி: மசாஜ் செய்யும்போது பத்து நிமிடத்தில் கட்டைவிரல் வலி எடுத்துவிடுகிறது. நான் மெலிந்த உடல்வாகு. இந்தத் தொழில் எனக்குச் சரிவருமா? – வாசகி, தூத்துக்குடி

பதில்: தாராளமாகச் சரிவரும். விரலால் அழுத்துவதால் வலிக்கிறது. அழுத்தம் தோளிலிருந்து வர வேண்டும். ஸ்டூலின் உயரத்தை மாற்றிப் பாருங்கள். வாடிக்கையாளரின் தலைமாட்டில் உட்கார்ந்து கைகளை அவர் தாடையில் வைத்தால், உங்கள் முழங்கை லேசாக மடங்கி, தோள் தொங்கி இருக்க வேண்டும். தோள் காதை நோக்கித் தூக்கியிருந்தால் ஸ்டூல் தாழ்வாக இருக்கிறது என்று பொருள்.

நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரமும் வளையலும் கழற்றி, கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள். முதலில் உள்ளங்கையால் நீளமான, மெதுவான தடவல். பிறகு தாடை ஓரத்தில் இரண்டு விரல்களால் மெல்லப் பிடித்து விடுதல். பிறகு நெற்றியில் சிறு வட்டங்கள். இறுதியில் விரல் நுனிகளால் மழைத் தூறல்போலத் தட்டல். மறுபடியும் நீண்ட தடவலில் முடிக்க வேண்டும். கண்ணைச் சுற்றி மோதிர விரல் மட்டும், அதுவும் புருவத்தின் மேல் உள்ளிருந்து வெளியே போய், கண்ணுக்குக் கீழே வெளியிலிருந்து மூக்கை நோக்கித் திரும்ப வேண்டும். கழுத்தின் நடுவில், குரல்வளை மேல் அழுத்தம் கூடவே கூடாது, பக்கங்களில் மட்டும்.

ஒரு கை விலகும்போது மற்றக் கை தோலில் இருக்கட்டும். இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் எடுபட்டால், கண் மூடிப் படுத்திருப்பவர் திடுக்கிட்டுக் கண் திறப்பார். அப்படித் திறந்தவருக்கு அந்த ஃபேஷியலில் பிறகு ஓய்வு கிடைக்காது. பழகுவதற்கு உங்கள் தொடையே போதும். இரவில் உட்கார்ந்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, கண்ணை மூடிக்கொண்டு இந்த வரிசையைச் செய்து பாருங்கள். எங்கே வேகம் மாறுகிறது, எங்கே விரல் முட்டுகிறது என்பது உங்களுக்கே தெரியும். பதினைந்து, இருபது நிமிட மசாஜ் போதுமானது. பரு அதிகமாக உள்ள முகத்துக்கு மசாஜையே விட்டுவிட்டு, கழுத்திலும் தோளிலும் செய்து அந்த நேரத்தை நிரப்பலாம்.

கேள்வி: ஒரு பெண் மாதாமாதம் வருகிறார். முகம் சிவந்து, வெயிலில் எரிகிறது என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ஒரு “வெள்ளையாக்கும்” க்ரீமை இரண்டு வருடமாகப் போடுகிறாராம். நிறுத்தினால் மேலும் மோசமாகிறதாம். அவருக்கு எந்த ஃபேஷியல் செய்யலாம்? – வாசகி, வேலூர்

பதில்: எதையும் செய்யாதீர்கள். நீங்கள் சொல்வது, ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நீண்ட நாள் போட்ட முகத்தின் அடையாளம். பெட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டசோன் போன்ற பெயர்கள் ட்யூபின் மேல் சிறிய எழுத்தில் இருக்கும். அவற்றோடு பெரும்பாலும் நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோனும் தோலை உரிக்கும் ட்ரெட்டினாயினும் சேர்ந்திருக்கும். மங்குக்காக மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் கலவையை, நம் மக்கள் பவுடர்போல வருடக்கணக்கில் போடுகிறார்கள். முதல் மாதத்தில் முகம் பளிச்சென்று ஆகும்; அக்கம்பக்கத்தார் கேட்பார்கள்; அவர்களும் வாங்குவார்கள். பிறகு தோல் மெலியும், நுண்ணிய நரம்புகள் தெரியும், பரு கிளம்பும், கன்னத்தில் பூனை முடி வளரும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்பதால் விடவும் முடியாது. இந்த வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் கடைகளில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தத் தோலில் ஸ்க்ரப், பிளீச், ஆவி, த்ரெடிங் எல்லாமே கேடு. மேல் தோலே மெலிந்திருப்பதால், நூலோடு தோலும் உரிந்து வரலாம். “உடனே நிறுத்துங்கள்” என்றும் நீங்கள் சொல்லாதீர்கள். எப்படிக் குறைப்பது என்பதைத் தோல் மருத்துவர்தாம் சொல்ல வேண்டும். ட்யூபை எடுத்துக்கொண்டு அவரிடம் போகச் சொல்லுங்கள். ஒரு மாத வருமானம் போகும், உண்மைதான். எனினும் இப்படி அனுப்பப்பட்ட பெண்கள் குணமானபின் எந்தப் பார்லருக்குப் போவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இதே எச்சரிக்கை, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பொருந்தும். நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை வாக்ஸிங், அழுத்தமான ஸ்க்ரப், பீல் ஆகியவற்றைத் தவிருங்கள். உதட்டோரத்தில் கொப்புளம், படர்தாமரை, கண்வலி, சீழ் வடியும் புண் ஆகியவற்றோடு வருபவரை அன்றைக்குத் திருப்பி அனுப்புங்கள். அடுத்து அந்தப் பெட்டில் படுப்பவரை நினைத்தும் இதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: கோல்ட் ஃபேஷியலில் உண்மையிலேயே தங்கம் இருக்கிறதா? – வாசகி, காரைக்குடி

பதில்: சிலவற்றில் தங்க இழையின் துணுக்குகள் உண்டு, பலவற்றில் மின்னுவது மைக்கா என்ற கனிமத் தூள். இருந்தாலும் அது தோலுக்குள் போய்ப் பெரிதாக ஒன்றும் செய்துவிடப் போவதில்லை. முடிந்ததும் தெரியும் பளபளப்பு, மசாஜாலும் ஈரப்பதத்தாலும் வந்தது. பழ ஃபேஷியலிலும் அதே பளபளப்பு வரும். தங்கம் யாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமை மருத்துவச் சங்கம் 2001ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகத் தேர்ந்தெடுத்தது தங்கத்தைத்தான். கம்மல் போட்டால் காது அரிக்கிறது என்பவரிடம் இந்தக் கிட்டைப் பிரிக்காதீர்கள்.

கேள்வி: பிளீச்சையும் ஃபேஷியலையும் ஒரே நாளில் செய்யலாமா? திருமணப் பெண்ணுக்கு எத்தனை நாள் முன்பு செய்வது? – வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரே நாளில் செய்வது பார்லர்களில் வழக்கமாக இருந்தாலும் நான் கற்பிப்பதில்லை. அம்மோனியாவும் பெராக்சைடும் பட்ட தோலில் அடுத்த பத்தாவது நிமிடம் ஸ்க்ரப்பும் ஆவியும் வைப்பது, எரிச்சலை விலைகொடுத்து வாங்குவதாகும். நான்கைந்து நாள் இடைவெளி விடுங்கள். திருமணப் பெண்ணுக்குப் புதிதாக எதையும் கடைசி வாரத்தில் போடக் கூடாது. மேல் தோல் புதுப்பித்துக்கொள்ள இளம் வயதில் ஏறத்தாழ 28 நாள் ஆகும் என்பதால், மூன்று மாதம் முன்பே தொடங்கி மாதம் ஒன்றாகச் செய்து, கடைசி ஃபேஷியலை முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்பு வையுங்கள். நலங்கு, மெஹந்தி என்று சடங்குகள் தொடங்கிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் படுக்கவும் கிடைக்காது.

கேள்வி: கருவிகளை டெட்டால் தண்ணீரில் கழுவி யு.வி. பெட்டியில் வைக்கிறோம். போதும்தானே? – பார்லர் உதவியாளர், சேலம்

பதில்: புற ஊதாக்கதிர் பாய்ச்சும் யு.வி. பெட்டி, ஏற்கெனவே சுத்தமான கருவியை அப்படியே வைத்திருக்க உதவும்; அழுக்குக் கருவியைச் சுத்தமாக்காது. ஒளி படும் பக்கம் மட்டுமே பயன் பெறும் என்பதால், பிளாக்ஹெட் ரிமூவரின் வளையத்துக்குள் ஒட்டியிருப்பது அப்படியே இருக்கும். முதலில் சோப்பு நீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். தோலைத் துளைக்க வாய்ப்புள்ள உலோகக் கருவிகளை ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கருவியில் 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் குறைந்தது 15 நிமிடம் வைப்பதே முறை. மற்றவற்றுக்கு 70 சதவீத ஆல்கஹால் உதவும். ஸ்பாஞ்சை ஒருவருக்குப் பயன்படுத்தி மற்றவருக்கு அலசித் தருவதைக் காட்டிலும் பஞ்சு சிக்கனமானது. டப்பாவிலிருந்து க்ரீமை விரலால் எடுக்காமல் ஸ்பேட்சுலாவால் எடுத்துக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீந்ததைத் திரும்ப டப்பாவில் போடாதீர்கள். உங்களுக்காக ஒன்று: ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது.

கேள்வி: பயிற்சி முடித்து மூன்று மாதமாகிறது. டெர்மா ரோலர், கெமிக்கல் பீல் எல்லாம் இரண்டு நாள் வகுப்பில் கற்றுத் தருகிறார்கள். சேர்ந்தால் வருமானம் கூடுமா? – வாசகி, திருப்பூர்

பதில்: வருமானம் கூடலாம், வழக்கும் கூடலாம். தோலில் ஊசி இறங்கும் வேலையும், ஆழமாக உரிக்கும் அமிலமும் தோல் மருத்துவரின் எல்லைக்குள் இருப்பவை. கறுப்புத் தழும்பு விழுந்தால் அதைச் சரிசெய்யும் மருந்தும் அறிவும் நம்மிடம் இல்லை. அந்தக் கட்டணத்தில் ஒரு நல்ல உருப்பெருக்கி விளக்கும், உயரம் மாற்றக்கூடிய ஸ்டூலும் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சமிருந்தால் நூறு வாடிக்கையாளர் அட்டைகள் அச்சடியுங்கள்.